நீல மூடிகள் இரண்டு: கேம்பர் வேனும் ஆட்புளூவும்

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கோடை விடுமுறைக்கு முன் வந்த கடிதங்களில் பல, தங்கிப் பயணிக்கும் வீடாக மாற்றிய டீசல் வேன்களான கேம்பர் வேன்களில் நிரப்ப வேண்டிய யூரியாக் கரைசலைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பக்கத்தை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஐரோப்பாவில் ஆட்புளூ என்றும், இந்தியாவில் டெஃப் என்றும், லாரி ஓட்டுநர்களிடையே வெறுமனே யூரியா என்றும் வழங்குவது ஒரே திரவம்தான்.

கேள்வி: ஃபியட் டுகாட்டோ அடித்தளத்தில் கட்டப்பட்ட 2020ஆம் ஆண்டு கேம்பர் வேன் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். குடும்பத்துடன் இத்தாலிக்குப் புறப்பட இருக்கும் வேளையில், ஆட்புளூ குறைந்துவிட்டது என்றும் 2400 கிலோமீட்டருக்குப் பிறகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது என்றும் முகப்பில் எச்சரிக்கை வருகிறது. பயணத்தை ஒத்திவைக்க வேண்டுமா?
(வாசகர், டோர்ட்முண்ட், ஜெர்மனி)

பதில்: ஒத்திவைக்கத் தேவையில்லை. டோர்ட்முண்டிலிருந்து மிலான் ஆயிரம் கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம்தான். வழியில் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் உள்ள நெடுஞ்சாலை எரிபொருள் நிலையங்களில் இந்தத் திரவம் கேன்களில் தாராளமாகக் கிடைக்கிறது. 2400 என்ற எண் உங்கள் வண்டியின் கோளாறும் அல்ல, தயாரிப்பாளரின் விருப்பமும் அல்ல. டேங்க் காலியாவதற்குக் குறைந்தது 2400 கிலோமீட்டருக்கு முன்பே ஓட்டுநரை எச்சரிக்கத் தொடங்க வேண்டும் என்பது கார்களுக்கும் இலகு வேன்களுக்குமான ஐரோப்பிய அங்கீகார விதி.

பின்னணியைச் சிறிது சொல்ல வேண்டும். டீசல் எஞ்சினில் அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனுடன் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுகிறது. ஐரோப்பியப் புகை வரம்பான யூரோ 5 விதியின்படி டீசல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு 180 மில்லிகிராம் வரை இவற்றை வெளியிடலாம் என்றிருந்ததை யூரோ 6 விதி 80 மில்லிகிராமாகக் குறைத்தது. உங்கள் வண்டியைப் போன்ற பெரிய வேன்களுக்கு 280ஆக இருந்த வரம்பு 125ஆக இறங்கியது. இந்த இறக்கத்தை எஞ்சினுக்குள்ளேயே சாதிப்பது கடினமாக இருந்ததால், புகையை வெளியேறும் வழியில் சுத்தப்படுத்தும் முறை பரவலாயிற்று. 32.5 சதவீத யூரியாவும் 67.5 சதவீத அயனி நீக்கிய நீரும் கலந்த இந்தக் கரைசல் சூடான புகைக்குழாயில் தெளிக்கப்படுகிறது; அங்கே யூரியா சிதைந்து அம்மோனியாவாகிறது; வினையூக்கியின் மேற்பரப்பில் அந்த அம்மோனியா நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் வினைபுரிந்து, வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் வெளியேறுகிறது. எனவே இது டீசலில் கலக்கும் எரிபொருளும் அல்ல, எஞ்சினுக்குள் போகும் எண்ணெயும் அல்ல. தனி டேங்க், தனி மூடி, தனிப் பாதை.

எச்சரிக்கையை அலட்சியம் செய்து டேங்கை முழுக்கக் காலி செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் நடுவழியில் நின்றுவிடாது. ஆனால் அதை ஒருமுறை அணைத்த பிறகு, கரைசலை நிரப்பும்வரை மறுபடி ஸ்டார்ட் ஆகாது. கேம்பரில் போகிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் படகுத்துறையில் வரிசையில் நின்று, கப்பலின் வாகனத் தளத்தில் ஏற்றி, எஞ்சினை அணைத்துவிட்டு மேலே சென்றவர், அக்கரையில் தமக்குப் பின்னால் நிற்கும் வண்டிகளையெல்லாம் மறித்துக்கொண்டு நிற்க நேரிடும். கனரக வாகன விதியின்கீழ் அங்கீகாரம் பெற்ற பெரிய மோட்டார் இல்லங்களில் முறை வேறு: முதலில் எஞ்சினின் இழுவிசை குறைக்கப்படும், பிறகு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டராகக் கட்டுப்படுத்தப்படும்.

எவ்வளவு கரைசல் செலவாகும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் திட்டமிடப் போதுமானது. கூரையில் சுமை, முழுத் தண்ணீர்த் தொட்டி, ஆல்ப்ஸ் ஏற்றம் எல்லாம் சேரும்போது டீசலோடு இதுவும் கூடும். திரையில் காட்டும் மீதித் தூரம் சமதளத்தில் ஓட்டிய கணக்கிலிருந்து வந்த மதிப்பீடாக இருந்தால், ஆல்ப்ஸைக் கடக்கும் கோட்ஹார்ட் மலைப்பாதையில் ஏறும்போது அது வேகமாகக் குறைவதைக் கண்டு பதறவேண்டாம்.

கேள்வி: ஸ்காட்லாந்தைச் சுற்றிவர கேம்பர் வாடகைக்கு எடுக்கிறோம். சென்ற முறை எடுத்த வண்டியின் பக்கவாட்டில் பல மூடிகள் இருந்தன; அவற்றில் இரண்டு நீல நிறம். எதில் எதை ஊற்றுவது என்று குழப்பமாக இருந்தது. தவறுதலாக மாற்றி ஊற்றிவிட்டால் என்ன ஆகும்?
(வாசகி, லண்டன்)

பதில்: இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். கரைசல் தீர்ந்துபோவதைக் குறித்துப் பலரும் அஞ்சுகிறார்கள். அதற்கு வண்டியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு முன்னரே எச்சரிக்கிறது. தவறான மூடியைத் திறப்பவரை எச்சரிக்க எந்த விளக்கும் எரிவதில்லை.

சாதாரணக் காரில் இல்லாத சிக்கல் கேம்பரில் இருப்பதற்குக் காரணம், அது இரண்டு கைகளால் கட்டப்படுவதுதான். அடிப்படை வேனைச் செய்யும் தொழிற்சாலை டீசல் மூடியையும் ஆட்புளூ மூடியையும் வைக்கிறது. ஆட்புளூ மூடி பெரும்பாலும் நீலம். பிறகு அந்த வேனை வீடாக மாற்றும் நிறுவனம் பக்கச்சுவரில் குடிநீர் நிரப்பும் வாயையும் வெளி மின்னிணைப்பையும் பொருத்துகிறது. குடிநீர் மூடிக்கும் நீலத்தையே தேர்ந்தெடுப்பது வழக்கம். சில வண்டிகளில் ஆட்புளூ வாய் டீசல் வாயின் அருகில் ஒரே கதவுக்குள் இருக்கும், சிலவற்றில் சற்றுத் தள்ளித் தனிக் கதவில், இன்னும் சிலவற்றில் முன்பக்க எஞ்சின் மூடிக்குள். ஆகவே நிறத்தை நம்பாதீர்கள். குடிநீர் மூடியில் குழாய்ப் படமோ நீர்த்துளிப் படமோ இருக்கும். ஆட்புளூ மூடியில் அந்தப் பெயரே பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியைக் கையேற்கும்போது ஊழியரிடம் ஒவ்வொரு மூடியையும் திறந்து காட்டச் சொல்லிக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது நல்லது. எரிபொருள் தவறால் வரும் சேதத்தைப் பல வாடகை ஒப்பந்தங்கள் காப்பீட்டிலிருந்து விலக்கியே வைத்திருக்கின்றன.

மாற்றி ஊற்றினால் வரும் விளைவுகளில் மிகக் கொடியது, ஆட்புளூ டீசல் டேங்கிற்குள் போவது. ஆட்புளூ பம்பின் முனை 19 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. டீசல் வாய் அதைவிட அகலமானது என்பதால் தடையின்றி நுழைந்துவிடும், கேனின் மூக்கும் அப்படியே. கரைசலின் எடை லிட்டருக்கு ஏறத்தாழ 1.09 கிலோ, டீசல் அதைவிட நன்றாக இலேசானது. ஆகவே ஊற்றிய கரைசல் டீசலோடு கலக்காமல் நேரே அடியில் போய்த் தங்கும். எஞ்சினுக்கு எரிபொருளை உறிஞ்சும் குழாயும் அங்கேதான் இருக்கிறது. உயர் அழுத்தப் பம்பிலும் இஞ்செக்டர்களிலும் புகுந்த கரைசல் உலோகத்தை அரிக்கும், படிகமாக உறையும். பழுது பார்க்கும் செலவு ஒரு பழைய வண்டியின் விலையை எட்டிவிடக்கூடும். தவறு தெரிந்த அந்த நொடியே நின்றுவிடுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இருந்தால் மட்டும் போதாது. சாவியைத் திருப்பி இக்னிஷனை இயக்கினாலே பல வண்டிகளில் டீசல் பம்ப் ஓடத் தொடங்கிவிடும் என்பதால் சாவியையே தொடாமல் சாலையோர உதவியை அழைத்து, டேங்கைக் காலி செய்து கழுவச் செய்ய வேண்டும். அந்த நிலையில் நிறுத்திவிட்டால் பெரும்பாலும் டேங்க் கழுவும் செலவோடு முடிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, டீசலை ஆட்புளூ டேங்கில் ஊற்றுவது பம்பில் ஏறத்தாழ இயலாதது, டீசல் முனை அந்தச் சிறிய வாயில் நுழையாது. புனலும் கேனும் வைத்துக்கொண்டு முயன்றால் இயலும். டீசல் மேலே மிதப்பதால் உடனே எதுவும் தெரியாமல் சில நாள் ஓடவும் கூடும். ஆனால் ரப்பர் அடைப்புகளும் பம்பின் சவ்வும் எண்ணெயைத் தாங்குபவை அல்ல. டேங்க், பம்ப், தெளிப்பான் அனைத்தையும் மாற்ற வேண்டி வரலாம்.

குடிநீர் ஆட்புளூ டேங்கில் போனால், கரைசல் நீர்த்துவிட்டதைத் தரம் அறியும் உணரி கண்டுகொண்டு எச்சரிக்கும். குழாய்நீரில் உள்ள கால்சியம் அங்கே இருக்கக் கூடாத பொருள் என்பதால், சிறிதளவுதானே என்று விடாமல் டேங்கைக் காலி செய்ய வேண்டும். ஆட்புளூ குடிநீர்த் தொட்டியில் போனால் அச்சம் கொள்ளத் தேவையில்லை, யூரியாவின் நச்சுத்தன்மை குறைவு. எனினும் அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. தொட்டியையும் குழாய்களையும் வாட்டர் ஹீட்டரையும் முழுக்க வடித்து, பல முறை அலசி, பிறகு கிருமிநீக்கம் செய்ய வேண்டும். குடிநீர்த் தொட்டியில் டீசல் போனதுதான் துயரம்: பிளாஸ்டிக் அந்த மணத்தை உறிஞ்சிக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் தேநீரில் டீசல் மணக்கும், தொட்டியை மாற்றுவதே வழி.

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகில் லாரிகளுக்கான ஆட்புளூ பம்ப் இருக்கிறது. கேனில் வாங்குவதைவிட மிகவும் மலிவு. அதில் கேம்பருக்கு நிரப்பலாமா?
(வாசகர், பாரீஸ் புறநகர்)

பதில்: திரவம் ஒன்றே, தரமும் ஒன்றே; பம்ப் மட்டும் வேறு. லாரிப் பம்புகள் நிமிடத்துக்கு 40 லிட்டர் வரை பாய்ச்சக்கூடியவை. சிறிய டேங்கும் மெல்லிய கழுத்தும் உள்ள வேனில் அது பொங்கி வழியும். அத்துடன், பல லாரிப் பம்புகளின் முனையில் ஒரு காந்தப் பூட்டு இருக்கிறது: லாரியின் ஆட்புளூ வாயில் உள்ள காந்த வளையத்தை உணர்ந்தால்தான் அது திறக்கும், டீசல் டேங்கில் தவறி ஊற்றுவதைத் தடுக்கும் ஏற்பாடு. உங்கள் வண்டியில் அந்த வளையம் இல்லாவிட்டால் நெம்புகோலை எவ்வளவு அழுத்தினாலும் ஒரு சொட்டும் வராது. அதற்காக எங்கிருந்தோ காந்தம் கொண்டுவந்து ஏமாற்றி நிரப்புவோர் இருக்கிறார்கள். பாதுகாப்புக்காக வைத்த பூட்டை உடைக்கும் அந்த வித்தையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கார்களுக்கென்று மெதுவாகப் பாயும் தனி ஆட்புளூ பம்ப் பிரான்சில் பல நிலையங்களில் டீசல் பம்பின் அருகிலேயே உண்டு. அங்கு நிரப்பினால் கேனின் விலையில் பெரும்பகுதி மிச்சமாகும், காலிக் கேனைத் தூக்கி எறியும் வேலையும் இல்லை.

கேனில்தான் ஊற்ற வேண்டும் என்றால், சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கேனோடு வரும் வளையும் மூக்கைத் திருகி இறுக்கிய பிறகே சாய்க்க வேண்டும். வீட்டிலுள்ள புனலைப் பயன்படுத்தாதீர்கள், முன்பு அதில் ஊற்றிய எண்ணெயின் ஒரு படலம் போதும் கரைசலைக் கெடுக்க. கழுத்துவரை தளும்ப நிரப்பவும் கூடாது. அதன் காரணத்தை நார்வே வாசகருக்கான பதிலில் காணலாம். சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வண்ணப்பூச்சின்மேல் காய்ந்தால் வெள்ளைக் கறை. செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றின்மேல் நின்றால் அரிப்பு. கேம்பரின் தரைவிரிப்பில் கேன் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

கேள்வி: பிப்ரவரியில் வட நார்வேக்கு, வடக்கொளி (வடதுருவ வானில் தோன்றும் ஒளி) பார்க்கப் போகிறோம். ஆட்புளூ உறைந்துவிடும் என்கிறார்களே, வண்டி ஓடுமா? உறைபனித் தடுப்பு மருந்து ஏதேனும் கலக்கலாமா?
(வாசகர், ஒஸ்லோ)

பதில்: எதையும் கலக்காதீர்கள். கரைசல் −11 டிகிரி செல்சியஸில் உறைகிறது. 32.5 சதவீதம் என்ற விகிதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம்: யூரியாவும் நீரும் சேர்ந்த கலவைகளில் மிகக் குறைந்த வெப்பநிலைவரை உறையாமல் இருப்பது இந்த விகிதம்தான், யூரியாவைக் கூட்டினாலும் குறைத்தாலும் உறைநிலை மேலே ஏறிவிடும். வேறொரு பொருளைச் சேர்த்தால் வினையூக்கி கெடும்.

கராஷோக் போன்ற உள்நாட்டுச் சமவெளிகளில் (1886ஆம் ஆண்டில் அங்கே −51.4 டிகிரி பதிவாகியிருக்கிறது) வண்டியை இரவு முழுவதும் நிறுத்தினால் டேங்கில் உள்ளது கட்டியாக உறையத்தான் செய்யும். இருந்தாலும் எஞ்சின் வழக்கம்போல் ஸ்டார்ட் ஆகும், ஓடும். டேங்கினுள் உள்ள மின்சூடேற்றி கரைசலை இளக்கும். டேங்கினுள் வெப்பநிலை −15 டிகிரியாக இருந்தாலும் கிளம்பிய 20 நிமிடத்துக்குள் கரைசல் பயன்பாட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று ஐரோப்பிய விதியே சொல்கிறது. உறைந்து இளகிய கரைசல் தரம் குன்றுவதில்லை, முழுவதும் இளகிவிட்டால் அதே கலவைதான். ஆனால் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 7 சதவீதம் விரியும்; தளும்ப நிரப்பிய டேங்கும் மூடி இறுகிய நிறைகேனும் அந்த விரிவில் வெடித்துப் பிளக்கும். ஆகவே அந்தப் பயணத்தில் டேங்கில் இடம் விட்டு நிரப்புங்கள். உறைந்த கேனைக் கேம்பரின் ஹீட்டர் வாய்க்கு முன் வைத்து அவசரப்படுத்தாமல் உள்ளே சாதாரண வெப்பத்தில் இளகவிடுங்கள்.

இன்னொன்று, கேம்பர் வைத்திருப்பவர்களில் பலர் கவனிக்காதது. எஞ்சினை அணைத்ததும் பல வண்டிகளில் தெளிப்புக் குழாயில் மிஞ்சிய கரைசலைப் பம்ப் பின்னோக்கி இழுத்து டேங்கில் சேர்க்கிறது. வண்டியின் பின்பகுதியில் மெல்லிய முனகல் கேட்பது அந்த வேலையால்தான். குளிர்காலத்துக்கு வண்டியை ஒதுக்கி நிறுத்தும்போது, அணைத்த கையோடு ஸ்டார்ட்டர் பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் வழக்கம் உள்ளவர்கள், இந்த வேலை முடியச் சில நிமிடங்கள் காத்திருங்கள். இல்லையெனில் குழாயில் நின்ற கரைசல் உறைந்து விரியும், அல்லது காய்ந்து படிகமாகி அடைக்கும்.

கேள்வி: பத்து லிட்டர் கேன்கள் நான்கைந்து வாங்கிக் கேம்பரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டால் கவலையில்லையே?
(வாசகர், பெர்ன், சுவிட்சர்லாந்து)

பதில்: ஒரு கேன் போதும். கரைசலுக்கு ஆயுள் உண்டு: 25 டிகிரிக்கு மேற்படாத வெப்பத்தில் 18 மாதம், 30 டிகிரிவரை 12 மாதம், 35 டிகிரிவரை 6 மாதம் என்பது ஐ.எஸ்.ஓ. 22241 தரவிதியின் கணக்கு. வெயிலில் நிற்கும் வண்டியின் பின்பெட்டி 35 டிகிரியைக் கடப்பது இயல்பு. அங்கே யூரியா மெல்லச் சிதைந்து அம்மோனியா மணம் வீசத் தொடங்கும். மேலும் 3500 கிலோ உச்ச எடைக்குள் அடங்க வேண்டிய கேம்பரில் ஐந்து கேன் என்றால் ஐம்பது கிலோவுக்கு மேல், ஒரு பிள்ளையின் எடை.

பதுக்கல் எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. 2021 அக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, டீசல் லாரிகளை நம்பியிருந்த தென் கொரியா தவித்துப்போய், இராணுவ விமானத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி 27,000 லிட்டர் கரைசலை எடுத்துவந்தது. சில வாரங்களில் ஆஸ்திரேலியாவுக்கே அந்தக் கவலை தொற்றியது. 2022இல் எரிவாயு விலை ஏறியபோது, ஜெர்மனியின் பெரிய ஆட்புளூ உற்பத்தியாளரான பீஸ்டெரிட்ஸ் ஆலை சிறிது காலம் உற்பத்தியை நிறுத்தியது. யூரியா அம்மோனியாவிலிருந்தும், அம்மோனியா பெரும்பாலும் எரிவாயுவிலிருந்தும் வருவதால் இத்தகைய அதிர்ச்சிகள் மீண்டும் வரக்கூடும். அப்போதும் இரண்டு மூன்று ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சில லிட்டர் கேட்கும் கேம்பருக்கு ஒரு கேன் தாராளம்.

கேள்வி: டீசல் வேன் ஒன்றைப் படுக்கை, அடுப்பு வைத்துக் கேம்பராக மாற்றியிருக்கிறோம், பி.எஸ். 6 வண்டி. நெடுஞ்சாலையோரக் கடைகளில் பெயரில்லாத வாளிகளில் டெஃப் மலிவாக விற்கிறார்கள். உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்தால் அதே பொருள்தான் என்று ஒரு ஓட்டுநர் சொல்கிறார். உண்மையா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கணக்கில் உண்மை, வண்டியில் பொய். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்னும் வாகனப் புகை விதி நடைமுறைக்கு வந்த பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஆயிரம் கிராமுக்கு 325 கிராம் யூரியாவை எடைபோட்டுக் கரைத்தால் செறிவு சரியாக வந்துவிடும், தூய்மை வராது. தரவிதி இந்தக் கரைசலில் இரும்புக்கும் கால்சியத்துக்கும் கிலோவுக்கு அரை மில்லிகிராம்வரைதான் இடம் கொடுக்கிறது; யூரியாவைச் சூடாக்கும்போது உண்டாகும் பையூரெட் என்ற துணைப்பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உர யூரியாவோ பயிருக்கென்று செய்யப்பட்டது. மணிகள் கட்டிப்படாமலிருக்கச் சேர்க்கும் பொருள்கள் அதில் இருக்கும். இந்தியாவில் 2015 முதல் உள்நாட்டு உர யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவது கட்டாயம். அந்த எண்ணெய் தெளிப்பானின் நுண்துளையை அடைக்கும், உலோக அயனிகள் வினையூக்கியின் மேற்பரப்பில் படிந்து அதை மெல்லக் கொல்லும். கொல்லுதல் மெல்ல நடப்பதுதான் தொல்லை: முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் எந்த விளக்கும் எரியாது, ஓட்டுநர் நண்பரும் தம் யோசனை சரிதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. விவசாயிக்கு அரசு மானியம் கொடுத்து விற்கும் யூரியாவைத் தொழில்பயனுக்குத் திருப்புவது உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி குற்றம். வேப்பெண்ணெய் பூசியதன் நோக்கங்களில் ஒன்றே இந்தத் திருப்பலைத் தடுப்பதுதான்.

பெயரில்லாத வாளியைப் பார்த்து மட்டும் நல்லது கெட்டது சொல்ல முடியாது. நல்ல கரைசல் நிறமற்றது, தண்ணீர்போல் தெளிவானது. நீல நிறமாக இருந்தாலோ மஞ்சளித்திருந்தாலோ வாங்காதீர்கள். சிலர் ஒளிவிலகல் மானியால் சோதித்துக் காட்டுவார்கள். அக்கருவி செறிவை மட்டுமே சொல்லும். உர யூரியாவில் செய்த கரைசலும் அந்தச் சோதனையில் தேறிவிடும். முத்திரை உடையாத வாளியும், அதன்மேல் ஐ.எஸ்.ஓ. 22241 என்ற குறிப்பும், தயாரிப்பு நாளும், தொகுதி எண்ணும் இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க்கிலோ வண்டி நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்திலோ வாங்குவது நல்லது. கோயம்புத்தூர் வெயிலில் சேமிப்பு ஆயுள் ஆறு மாதக் கணக்கில்தான் வரும் என்பதால் தயாரிப்பு நாளைப் பார்ப்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: மூடியைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கசிவா?
(வாசகி, டொராண்டோ)

பதில்: நிரப்பும்போது சிந்தியதில் நீர் ஆவியாகி எஞ்சிய யூரியாப் படிகம் அது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்தால் கரைந்துவிடும். மூடியைத் திறப்பதற்கு முன்பே துடையுங்கள், தூசி உள்ளே விழக் கூடாது. துடைத்த இடத்தில், நிரப்பாமலேயே மறுபடி பூத்தாலோ, வண்டியின் அடியில் குழாய் இணைப்புகளில் படிந்திருந்தாலோ கசிவு, பணிமனையில் காட்டுங்கள்.

கேள்வி: என் கேம்பரின் ஆட்புளூ அமைப்பு அடிக்கடி பிழை காட்டுகிறது, டேங்கையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஒருவர் சிறு கருவி ஒன்றைப் பொருத்தி அந்த அமைப்பையே முடக்கித் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?
(வாசகர், ஸ்டுட்கார்ட், ஜெர்மனி)

பதில்: டேங்க், பம்ப், சூடேற்றி, உணரி எல்லாவற்றையும் ஒரே உறுப்பாக இணைத்து, ஒன்று கெட்டால் முழுவதையும் மாற்றச் செய்யும் வடிவமைப்பின்மீது உங்களுக்குள்ள எரிச்சல் நியாயமானது, எனக்கும் அது உண்டு. ஆனாலும் அந்தக் கருவி வேண்டாம். உணரிகளுக்குப் பொய்ச் செய்தி கொடுத்து, கரைசல் தெளிக்கப்படுவதாக எஞ்சின் கணினியை நம்பவைப்பதுதான் அதன் வேலை. ஜெர்மனியில் இப்படி வெளியேற்ற அமைப்பை மாற்றினால் வண்டியின் இயக்க அனுமதி இரத்தாகும், அதைத் தொடர்ந்து காப்பீட்டிலும் சிக்கல் எழும்.

எளிய மனிதரிடம் மட்டும் சட்டம் பேசுகிறீர்களே என்று கேட்பீர்கள். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளிக்கொணர்ந்த ஃபோக்ஸ்வாகன் டீசல் புகை விவகாரமும் சாரத்தில் இதே வகைப் பொய்தான், சோதனைக்கூடத்தில் ஒரு முகம், சாலையில் வேறு முகம். அது மட்டுமல்ல: டைம்லர், பி.எம்.டபிள்யூ., ஃபோக்ஸ்வாகன் குழுமம் ஆகியவை ஆட்புளூ டேங்கின் அளவையும் அதன் பயணத் தூரத்தையும் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, சட்டம் கேட்பதைவிட நன்றாகச் சுத்திகரிக்கும் போட்டியைத் தவிர்த்தன என்று ஐரோப்பிய ஆணையம் 2021 ஜூலை 8 அன்று தீர்மானித்தது. அபராதம் 87.5 கோடி யூரோ. இரகசியத்தை முதலில் வெளியிட்ட டைம்லருக்கு மட்டும் விலக்கு. ஃபோக்ஸ்வாகன் விவகாரத்துக்குப் பிறகு சாலைச் சோதனையும் கடுமையாயிற்று.

உங்கள் பிழைக்கு முதலில் பணிமனையில் பிழைக் குறியீட்டை எழுதி வாங்குங்கள். தெளிப்பானில் படிகம் அடைத்ததாக இருந்தால் அதைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்துச் சுத்தம் செய்வதே போதுமானதாக இருக்கலாம். குறுகிய தூரம் மட்டும் ஓடி, புகைக்குழாய் சூடேறாமலே நிறுத்தப்படும் வண்டிகளில் இது மிகுதி. சூடேற்றியோ பம்போ போயிருந்தால், டேங்கை முழுதாக மாற்றாமல் உறுப்பை மட்டும் பழுதுபார்க்கும் தனிப் பணிமனைகள் இருக்கின்றன, அவற்றின் மதிப்பீட்டையும் கேளுங்கள். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் தயாரிப்பாளரிடம் எழுத்துமூலம் செலவுப் பங்கீடு கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எச்சரிக்கை வந்ததும் இரண்டு லிட்டர் ஊற்றினேன். விளக்கு அணையவில்லை. ஏன்?
(வாசகர், கோபன்ஹேகன்)

பதில்: இரண்டு லிட்டர் போதாது. டேங்கின் உணரி சிறு ஏற்றத்தைக் கணக்கில் கொள்ளாது; பல வண்டிகள் குறைந்தது ஐந்து லிட்டராவது கேட்கும், முழுக்கக் காலியாகி ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்ட வண்டி அதற்கும் மேல் கேட்கலாம். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளது. மீதியையும் ஊற்றிய பிறகு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் இயக்கி ஓரிரு நிமிடம் விடுங்கள். உணரி புதிய மட்டத்தைப் படித்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். அப்போதும் அணையாவிட்டால் சில கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள், சில வண்டிகள் ஓடும்போதுதான் கணக்கைத் திருத்துகின்றன. மறுநாளும் விளக்கு எரிந்தால் அது அளவுக் குறைவல்ல, உணரியின் பழுது.